பரிசலில் என் இடம்

சாமி,

உன் கடிதம் வந்து பதினொரு நாள் ஆகிறது. நாகபுரியில் வீடு கிடைத்துவிட்டது, முன்னறையில் ஒரு நல்ல சுவர் இருக்கிறது, அதில் வேறு எதையும் மாட்டாமல் பரிசல் படத்துக்காக வைத்திருக்கிறோம், ரயில் பார்சலில் அனுப்பி வையுங்கள் என்று எழுதியிருந்தாய். அன்றைக்கே ஆசாரியை வரச் சொல்லி அளவு கொடுத்துவிட்டேன். பலகைப் பெட்டி வந்து ஒரு வாரமாகக் கூடத்தில் கிடக்கிறது. படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, பழைய புடவையைச் சுற்றி, பிறகு புடவையைப் பிரித்து மறுபடியும் மாட்டினேன். இப்படி மூன்று தடவை. ஒரு விஷயத்தை உனக்கு எழுதாமல் அந்தப் படத்தை இந்த வீட்டை விட்டு அனுப்ப என்னால் ஆகாது என்பது மூன்றாவது தடவை ஆணியில் மாட்டும்போதுதான் எனக்கே தெரிந்தது. அதனால் இந்தக் கடிதம் படத்துக்கு முன்னால் உன் கைக்கு வந்து சேரும்படி தபாலில் போடுகிறேன். படித்த பிறகும் படம் வேண்டும் என்றால் ஒரு வரி எழுது. பெட்டி தயாராக இருக்கிறது.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் நீயும் மருமகளும் இங்கே விருந்துக்கு வந்தீர்களே, அன்று காலையில் அவளை அந்தப் படத்துக்கு நேராக நிற்க வைத்து நீ சொன்னதை நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "இதா, இது எங்கப்பா. இது எங்க அத்தை. இந்தப் பொடியன்தான் நானு. எங்கம்மா மடியில தலைய வெச்சுப் படுத்துட்டேதான் மோகனூர் ஆத்தத் தாண்டுனேன். அப்ப அஞ்சு வயசு. அப்பா மொகம்கூட எனக்குச் சரியா நெனப்பில்ல. ஆனா அந்த மடி நெனப்பிருக்குது. கடலைப் புண்ணாக்கு வாசம் அடிக்கும்" என்றாய். அவள் சிரித்தாள். "அத்தை மடியில எதுக்குங்க புண்ணாக்கு வாசம் அடிக்குது?" என்று கேட்டாள். "அவங்க படம் வரையற எண்ணெய் அப்பிடி. எங்கம்மாளுக்குன்னு ஒரு வாசம் இருக்குது" என்றாய். நான் பாயசத்தில் வெல்லத்தை இரண்டாம் தடவை போட்டுவிட்டேன். அன்று பாயசம் திகட்டுகிறது என்று நீ ஒரு வாயோடு வைத்துவிட்டாயே, அதற்குக் காரணம் அதுதான்.

நான் வர்ணத்தில் கலக்கும் ஆளிவிதை எண்ணெய்க்குப் புண்ணாக்கு வாசம் கிடையாது சாமி. அந்தப் பரிசலில் நான் இல்லை. நீ தலை வைத்துப் படுத்தது ஒரு கடலைப் புண்ணாக்கு மூட்டையின் மேல்.

எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பதினெட்டு வருஷமாகச் சொல்லாதது இரண்டு வரியில் அடங்கிவிட்டது. ஆனால் இரண்டு வரியோடு விட்டால் நீ என்னைத் தவறாகவும் நினைக்கலாம், தேவைக்கு மேல் நல்லவளாகவும் நினைக்கலாம். அதனால் நடந்ததை முழுக்கச் சொல்கிறேன். இதில் ஒரு தாய் மகனிடம் பேசக் கூச்சப்படும் சங்கதியும் வரும். நீ இப்போது ஒரு பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறவன். தெரிந்துகொள்வதில் தவறில்லை.

நம் வீட்டுக்குப் பின்னால், பொடக்காலியில் கிணற்றை ஒட்டி ஓர் அறை இருக்கிறதே, நீ 'அம்மாவின் படவறை' என்று சொல்வாயே, அது படம் வரையக் கட்டிய அறை அல்ல. இந்த வீட்டுப் பெண்கள் மாதத்தில் மூன்று நாள் வீட்டுக்கு விலக்காக உட்காரக் கட்டியது. நான் மருமகளாக வந்தபோது அந்த அறையைக் காட்டியதும் எனக்கு ஆத்திரமாக வந்தது. மெட்ராஸில் காலேஜில் படித்தவள். விடுதியில் பிள்ளைகள் எல்லோரும் எல்லா நாளும் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். இங்கே மூன்று நாளைக்கு ஒரு பாயும், ஒரு தட்டும், ஒரு சொம்பும். யாரும் உள்ளே வர மாட்டார்கள். நானும் வெளியே போய் எதையும் தொடக் கூடாது. சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார்கள். முதல் மாதம் அழுதேன். இரண்டாம் மாதம், காலேஜில் ஓவியம் சொல்லிக்கொடுத்த டீச்சர் நான் புறப்படும்போது கொடுத்த வர்ணப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாம் மாதத்திலிருந்து நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன். மூன்று நாள் சமையல் இல்லை, தண்ணீர் சேந்த வேண்டியதில்லை, வருகிறவர்களுக்கு மோர் கொடுக்க வேண்டியதில்லை, யாரும் கூப்பிடவும் மாட்டார்கள். நான் வெறுத்த வழக்கம்தான் எனக்கு ஓர் அறையையும் மூன்று நாளையும் கொடுத்தது. வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று வெளியே பேசுவேன். உள்ளுக்குள் அது ஒழிந்துவிடக் கூடாதே என்றிருக்கும்.

படம் என்றால் வர்ணம் பூசுவது மட்டும் என்று நீ நினைத்திருப்பாய். அதற்கு முந்தின வேலைதான் பெரிது. அந்தக் காலத்தில் படம் வரையும் துணிக்கு மெட்ராஸுக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஆட்டையாம்பட்டியில் தறி போடுகிற ஒருவரிடம் சொல்லி, முறுக்கு நூலில் நெருக்கமாக ஒரு துணி நெய்து வாங்கினேன். அதை அலசிக் கஞ்சி போக்கி, வேப்பமரச் சட்டத்தில் இழுத்து ஆணி அடிக்க வேண்டும். ஒரு பக்கம் நடுவில் ஓர் ஆணி அடித்தால் அடுத்தது நேர் எதிர்ப்பக்கம்தான். பிறகு மற்ற இரண்டு பக்கம். ஒரே பக்கமாக அடித்துக்கொண்டு போனால் துணி கோணிக்கொண்டுவிடும். பிறகு புளியங்கொட்டைப் பசை. கொட்டையை வறுத்துத் தோலெடுத்து, மூன்று நாள் ஊற வைத்து, அரைத்து, கட்டி தட்டாமல் காய்ச்சி, துணியால் வடிகட்டி, பனங்கஞ்சி பதத்தில் பூச வேண்டும். நிழலில் காய வேண்டும். காய்ந்ததும் வழவழப்பான கல்லால் தேய்த்து, மறுபடியும் பூசி, மறுபடியும் தேய்த்து, பிறகுதான் வெள்ளைப் பூச்சு. ஊறின கொட்டை நாளைக்கு இருக்காது. காய்ச்சின பசை மறுநாள் புளித்து நாற்றம் எடுக்கும். ஆரம்பித்தால் அன்றைக்கே முடித்தாக வேண்டும்.

அந்த மாசி மாதம் ஆட்டையாம்பட்டித் துணி நான் கேட்டதை விட நன்றாக நெய்து வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை எருமப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்கு எல்லோரும் போவதாக இருந்தது. நான் வீட்டுக் காவலுக்கு இருந்துகொள்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். வியாழக்கிழமையே கொட்டையை ஊறப் போட்டுவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் கல்யாண வீட்டில் சாவு விழுந்து முகூர்த்தம் தள்ளிப் போய்விட்டதாகச் செய்தி வந்தது. உன் அப்பா பள்ளிக்கூடத்து நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தவர், பேனாவை மூடி வைத்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நாளைக்கு மோகனூரு போயிட்டு வந்தரலாம். வண்டி சொன்னது சொன்னபடி இருக்கட்டும். பரிசல்ல அக்கரைக்கு ஒரு எட்டுப் போயிட்டு வரலாம். பையன் இன்னும் ஆத்தையே பாக்கலையே. எல்லாருமாப் போலாம். ஏம்மிணி?" என்று என்னைப் பார்த்தார். நீ அதற்குள் குதிக்க ஆரம்பித்துவிட்டாய். உன் அத்தை, அப்போது அவள் பிரசவத்துக்குப் பிறகு இங்கே தங்கியிருந்தாள், "நாஞ் சோறு கட்டிக்கறனுங்க அண்ணா, புளிச்சோறும் தயிர்ச்சோறும்" என்று எழுந்தாள். நான் பார்த்தது எல்லாம் பொடக்காலியில் ஊறிக்கொண்டிருந்த கொட்டையைத்தான்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்கு நாளைக்கு ஒரு வேலை இருக்கிறது, அதைத் தள்ளிப் போட முடியாது, நீங்கள் போய் வாருங்கள் என்று. அல்லது கொட்டையைக் கொட்டிவிட்டுப் போயிருக்கலாம். புளியங்கொட்டைக்கு இந்த ஊரில் பஞ்சமா? ஆனால் ஒரு பெண் தன் புருஷனோடும் பிள்ளையோடும் ஆற்றுக்குப் போவதை விட்டுவிட்டுத் துணிக்குப் பசை பூச வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை என்ற சொல்லை நான் செய்ததற்கு வைத்துச் சொல்லவே எனக்குத் தைரியம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் அந்த அறையில் உட்கார்ந்துவிட்டேன்.

என் மாமியார் கிணற்றடிக்கு வந்தவர் தள்ளி நின்று பார்த்தார். "போன தடவ தூரமாகி இன்னும் பதினெட்டு நாளு ஆகுலியே அம்மிணி?" என்றார். "என்னமோங்க அத்தை, ஒடம்பு அப்பிடி" என்றேன். "நல்ல நாளும் பொழுதுமாப் பாத்து" என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்த நிலையில் ஒரு பெண் காவேரியில் பரிசலேறுவது பற்றிப் பேச்சே இல்லை. உன் அப்பா வந்தார். வாசற்படிக்கு நாலடி தள்ளி நின்றார். "அப்ப நாங்க இன்னொரு நாள் போறமா?" என்று கேட்டார். "வேண்டாமுங்க. பையன் ஏங்கிருவான். நீங்க போயிட்டு வாங்க" என்றேன். அவர் பார்வை ஒரு தடவை எனக்குப் பின்னால், சட்டம் சாய்த்து வைத்திருந்த மூலைக்குப் போய் வந்தது. "சரி" என்றார். நீ வண்டியில் ஏறிக்கொண்டு "அம்மா வரலீயா?" என்று கத்தினாய். வண்டி தெரு திரும்பும் வரை உன் குரல் கேட்டது.

இனிமேல் சொல்வதுதான் சொல்லக் கடினமானது. அன்று போல நான் சந்தோஷமாக இருந்த நாள் என் வாழ்க்கையில் குறைவு. வீடு முழுக்க எனக்கு. கதவுகளைத் திறந்து வைத்தேன். கொட்டையை அரைக்கும்போது பாடினேன். பசை பொங்கி வரும்போது ஒரு மண் வாசனை வரும், அதில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டு, சட்டத்தை முழங்காலால் அழுத்திக்கொண்டு, நடு, எதிர் நடு, பக்கம், எதிர்ப்பக்கம் என்று அடித்தேன். முதல் பூச்சுக் காய்ந்ததும் விரலால் சுண்டினால் துணி தப்பட்டை போலச் சத்தம் கொடுத்தது. நம் ஊர் மலைக்கோட்டைப் பாறையின் நிழல் தெருவில் நகர்ந்துகொண்டே இருந்தது. படிக்கட்டில் உன் அத்தை வைத்துவிட்டுப் போன புளிச்சோற்றை மூன்று மணிக்குத்தான் தின்றேன். அந்த நாள் முழுவதிலும் உங்களை நான் ஒரு தடவை கூட நினைக்கவில்லை. நினைத்தேன் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் இந்தக் கடிதத்திலும் பொய் சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வண்டி வந்தது. நீ அப்பா தோளில் தூங்கிக்கொண்டிருந்தாய். உன்னை உள்ளே படுக்க வைத்துவிட்டு அவர் பின்கட்டுக்கு வந்தார். என்னைத் தொடக் கூடாதல்லவா, அதனால் படியில் எதையோ வைத்துவிட்டு வழக்கப்படி இரண்டடி பின்னால் போய் நின்றார். உள்ளங்கை அகலத்தில் ஒரு கூழாங்கல். கறுப்பு. வெண்ணெய் மாதிரி வழுக்கியது. "ஆத்துல கெடந்துச்சு. வழவழன்னு இருந்துச்சு. உனக்கு ஆகும்னு எடுத்தாந்தேன்" என்றார். துணி தேய்க்க நல்ல கல் கிடைக்கவில்லை என்று எப்போதோ ஒரு நாள் அவரிடம் சொல்லியிருக்கிறேன். அன்றே நான் கேட்டிருக்க வேண்டும், உங்களுக்குத் தெரியுமா என்று. கேட்கவில்லை. "நல்லா இருந்துச்சுங்களா?" என்று மட்டும் கேட்டேன். "நல்லா இருந்துச்சு" என்றார். அந்தக் கல் இப்போது இந்தக் கடிதத்தாள் பறக்காமல் இருக்க மேலே உட்கார்ந்திருக்கிறது.

பொய்யை மூன்று நாள் நடத்தி, நாலாம் நாள் தலை முழுகிவிட்டு வீட்டுக்குள் வந்தேன். பத்து நாள் கழித்து உண்மையாகவே வந்தது. அன்று அமாவாசை. மறுபடியும் போய் உட்கார்ந்தால் என் மாமியாருக்குத் தெரிந்துவிடும். முன்னோருக்குப் படையல் போடும் நாள். நான் எதையும் வெளிக்காட்டாமல் குளித்தேன், சமைத்தேன், என் கையாலேயே விளக்கேற்றினேன், இலை போட்டேன். எனக்கு அந்தத் தீட்டில் நம்பிக்கை இல்லை. ஆனால் என் மாமியாருக்கு இருந்தது. தெரிந்தால் அவர் அந்த வீட்டில் தண்ணீர் குடித்திருக்க மாட்டார். அவர் பயபக்தியோடு விழுந்து கும்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவரின் நம்பிக்கையை மறைவிடமாக வைத்துக்கொண்டால் பிறகு அதை மிதித்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டியிருக்கிறது.

அந்தப் புரட்டாசியில் உன் அப்பா விஷக்காய்ச்சலில் படுத்து, பதினான்காம் நாள் போய்விட்டார். ஆற்றுக்குப் போனதுதான் நாம் குடும்பமாகப் போன கடைசிப் பயணம். 'நாம்' என்று கை தானாக எழுதிவிட்டது. நீங்கள் போன பயணம்.

துக்கத்துக்கு வந்த உன் அத்தை இரண்டு மாதம் என்னோடு இருந்தாள். மத்தியானங்களில் அவள் பேசிக்கொண்டிருப்பாள், நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அந்தப் பரிசல் கதையைச் சொன்னாள். நம் பக்கம் அண்ணியை நங்கை என்றுதானே கூப்பிடுவது. "உங்களுக்குத் தெரியாதுங்க நங்கை, அன்னைக்குச் சிரிச்சுச் சிரிச்சு வவுறு வலிச்சுப்போச்சு" என்று ஆரம்பித்தாள். என் மாமியார் தண்ணீருக்குப் பயந்து, அத்தையின் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கரையில் கோயில் பக்கம் உட்கார்ந்துவிட்டாராம். பரிசல் வட்டமல்லவா, பாரம் ஒரு பக்கம் சேர்ந்தால் சுற்றும். பரிசல்காரர் உங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தாராம். "ஏனுங்க, மூணு பேருதானுங்களா, அம்மிணி வரலீங்களா? எதிர்ப்பக்கம் பாரம் பத்தாதுங்களே" என்றாராம். அக்கரைக்கு ஏற்ற வேண்டிய புண்ணாக்கு மூட்டை ஒன்று கிடந்திருக்கிறது. "அம்மிணி எடத்துல இத வெச்சுக்கலாமுங்க" என்று தூக்கி வைத்தாராம். நீ உடனே அதைக் கட்டிக்கொண்டு "இதான் அம்மா" என்றாயாம். வழியெல்லாம் மூட்டையோடு பேச்சு. "அம்மா, மீனு பாரு. அம்மா, தண்ணி பாரு." உன் அப்பா, "உங்கம்மா இன்னைக்குக் கோவமா இருக்கறா போல, பேசவே மாட்டீங்கறா" என்றாராம். திரும்பி வரும்போது அக்கரையில் இறக்கி வைக்கப் போன மூட்டையை விடமாட்டேன் என்று நீ அழுது, அதையே திரும்பவும் ஏற்றிக்கொண்டு வந்தார்களாம். அதன் மேல் சாய்ந்து தூங்கிவிட்டாய்.

அத்தை சிரித்தாள். நானும் சிரிக்க முயன்றேன். பிறகு கேட்டேன், "நான் ஏன் வரலைன்னு பரிசல்காரர்கிட்ட அண்ணன் என்ன சொன்னாருங்க?" அவள் யோசித்தாள். "ஒண்ணுஞ் சொல்லலீங்க நங்கை. அவளுக்கு இன்னைக்கு வேலை இருக்குதுங்கன்னாரு" என்றாள்.

நான் சொல்லத் துணியாத சொல். ஆற்றங்கரையில், முன்பின் தெரியாத ஒருவரிடம், சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே வாசற்படிக்கு நாலடி தள்ளி நின்று, என் பொய்க்கு மரியாதை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். உண்மையைச் சொல்லியிருந்தால் அடுத்த ஞாயிறு போயிருப்போம். நாலு பேரும் போயிருப்போம். என்னை ஏமாற்றியது வழக்கமும் இல்லை, வீடும் இல்லை. கேட்டால் கிடைக்காது என்று நானே முடிவு செய்துகொண்டதுதான்.

அத்தை ஊருக்குப் போன பிறகு, அந்த ஞாயிற்றுக்கிழமை தயார் செய்த துணியில் அந்தப் பரிசலை வரைந்தேன். அவள் சொன்னபடியே வரைந்தேன். ஒரு பக்கம் அப்பாவும் அத்தையும். எதிர்ப்பக்கம் மூட்டை, அதில் சாய்ந்து தூங்கும் நீ. மூட்டையின் வாயில் கட்டிய கயிற்று முடிச்சை ஒரு காலை முழுக்க உட்கார்ந்து வரைந்தேன். அதுதான் நான் வரைந்ததிலேயே உண்மையான படம். சுவரில் மாட்டினேன். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தாய். உனக்கு ஆறு வயது ஆகியிருந்தது. அதற்குள் அந்த நாள் உனக்கு மறந்து போயிருந்தது. அப்பாவைத் தொட்டாய். அத்தையைத் தொட்டாய். "இதுல நீ எங்கேம்மா?" என்று கேட்டாய். "எல்லாரும் போயிருக்கறாங்க. நீ எங்க?"

அப்பா இல்லாமல் ஆகிவிட்ட பிள்ளை. அதனிடம் நான் அங்கே இல்லை என்று சொல்ல முடியவில்லை. "இன்னும் படம் முடியலை கண்ணு" என்றேன். அடுத்த நாள் காலையில் மூட்டையின் மேல் என்னை வரைந்தேன். வெள்ளை தீர்ந்துபோய்க் கொஞ்சமே இருந்தது. எண்ணெயை அதிகம் விட்டு நீர்க்கக் கரைத்து, ஒரே பூச்சில் புடவையை முடித்தேன். சாயங்காலம் நீ வந்து பார்த்துவிட்டு விளையாடப் போனாய். கொஞ்ச நாளில் அது உனக்கு நினைவாகவே ஆகிவிட்டது. வளர வளர நீ அதை எல்லோருக்கும் சொன்னாய். ஒவ்வொரு தடவையும் திருத்த வாய் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த மடியை உன்னிடமிருந்து பிடுங்கிக்கொள்வது போல இருந்தது. அல்லது அந்த மடியை என்னிடமிருந்து. எது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், படம் சொல்ல ஆரம்பித்துவிட்டது. எண்ணெய் வர்ணம் வயதாக ஆகக் கண்ணாடி போல் ஆகும், அதுவும் நீர்க்கப் பூசியிருந்தால். போன ஆடியில் தூசி துடைக்கும்போது பார்த்தேன், என் புடவைக்கு உள்ளிருந்து, இடுப்புப் பக்கம், பழுப்பாக ஏதோ தெரிந்தது. அந்தக் கயிற்று முடிச்சு. உலக யுத்தக் காலத்தில் மெட்ராஸிலிருந்து வர்ணம் வருவது நின்று போனது, இப்போதும் சரியாக வரவில்லை. வந்தாலும் அதன் மேல் இன்னொரு பூச்சுப் பூச என் கை போகாது. உன் மனைவிக்குக் கூர்மையான கண். அன்று நீ வெளியே போனதும் என்னிடம் வந்து, "அத்தை, படத்துல இடுப்புல சாவிக்கொத்தா சொருகியிருக்கறீங்க?" என்று கேட்டாள். "ஆமா கண்ணு" என்றேன். முதலில் உன் பாட்டியிடம் பொய் சொன்னேன், பிறகு உன்னிடம், இப்போது அவளிடம். இனி அடுத்தது உனக்குப் பிறக்கும் பிள்ளையிடம் சொல்ல வேண்டி வரும்.

அவள் அன்று இன்னொன்றும் கேட்டாள். உனக்கு நினைவிருக்கிறதா? "நாகபுரி ஊட்டுல எத்தன ரூமுங்க?" என்று உன்னைக் கேட்டாள். "ரெண்டு பேருக்கு எத்தன ரூம் வேணும்? ஒண்ணு பத்தாதா?" என்று நீ கேலி செய்தாய். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அவள் வீட்டிலிருந்தே பரீட்சைக்குப் படித்து பி.ஏ. எழுத ஆசைப்படுகிறாள் என்று அவள் அம்மா என்னிடம் சொன்னார். நீ அறியாதவன், குணத்தில் கெட்டவன் அல்ல. உன் அப்பா போலத்தான் நீயும். ஆனால் அவர் தெரிந்தும் பேசாமல் இருந்தார். நீ பேசு. அவள் கேட்பதற்கு முன்னால் நீயே கேள், உனக்கு எந்த நாள் வேண்டும், எந்த நேரம் வேண்டும் என்று. அவள் தலைவலி என்று கதவைச் சாத்திக்கொள்ளும்படி வைத்துவிடாதே. பொய் சொல்லிக் கிடைத்த நாள் எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் அதற்குப் பிறகு வரும் நாட்கள் எல்லாம் அதைக் காவல் காப்பதிலேயே போகும். அவளுக்கு வேலை இருக்கிறது என்று அவள் காது கேட்கச் சொல். ஆற்றங்கரையில் யாரோ ஒருவரிடம் அல்ல.

போன வாரம் நான் மோகனூருக்குப் போயிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, உன் பாட்டியும் போன பிறகு சொல்லவும் யாரும் இல்லை. பஸ் இப்போது ஆற்றுக்கு அருகிலேயே போகிறது. மேட்டூரில் அணை கட்டிய பிறகு ஆறு முன்போல இல்லை, அடங்கியிருக்கிறது. துறையில் ஒரு பரிசல் நின்றது. பரிசல்காரர் நடு வயது. "தனி ஆளுங்களா அம்மிணி?" என்றார். ஆமாம் என்றேன். "அக்கரையில ஆராச்சும் இருக்கறாங்களா?" இல்லை, சும்மா போய்விட்டுத் திரும்ப வேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "செரி, ஏறி ஓரமா உக்காருங்க. எதிர்த்தாப்புல பாரம் வெக்கோணும், இல்லீன்னா சுத்திக்கிட்டே கெடக்கும்" என்று மணல் நிரப்பிய ஒரு சாக்கைத் தூக்கி எனக்கு எதிரே வைத்தார். பரிசல் நேராக நின்றது. நான் போகாத பயணத்தை அந்தச் சாக்குக்கு எதிரே உட்கார்ந்து போனேன். நடு ஆற்றில் கொஞ்ச நேரம் துடுப்பை நிறுத்தச் சொன்னேன். தண்ணீரில் மீன் தெரிந்தது. காட்ட யாரும் இல்லை.

படத்தை அனுப்புகிறேன், நீ ஒரு வரி எழுதினால். வெயில் படாத சுவரில் மாட்டு. முடிச்சு இன்னும் தெளிவாகும், சில வருஷத்தில் மூட்டை முழுக்க வெளியே வரும், என் புடவை ஒரு நிழலாகத்தான் இருக்கும். யாராவது வர்ணக்காரரிடம் கொடுத்துத் திருத்திவிடாதே. உன் பிள்ளை கேட்டால் சொல், உன் பாட்டிக்கு அன்று வேலை இருந்தது, அதனால் அவள் இடத்தில் ஒரு மூட்டை வந்தது, அது என்னை நன்றாகத் தாங்கிக்கொண்டது என்று. நான் மூட்டையைக் கோபித்துக்கொள்ளவில்லை. அது செய்ததைத்தான் நான் செய்ததாகச் சொல்லிக்கொண்டேன்.

இந்தச் சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியப் போகிறது. ஆட்டையாம்பட்டித் துணியில் இரண்டு கெஜம் பெட்டியில் கிடந்தது. நேற்றுப் புளியங்கொட்டையை ஊறப் போட்டேன். ஊறப் போட்டுவிட்டு, பழக்கத்தில், யாரிடம் என்ன காரணம் சொல்வது என்று ஒரு நிமிஷம் யோசித்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் வீடு முழுக்கக் காலியாக இருப்பது நினைவுக்கு வந்தது. இப்போது மாதத்தில் முப்பது நாளும் எனக்குத்தான்.

நீங்கள் இரண்டு பேரும் தையில் வருவதாக எழுதியிருக்கிறாய். வந்தால், ஆற்றில் தண்ணீர் இருந்தால், ஒரு நாள் எனக்கு ஒதுக்கு. எனக்கு அன்று வேலை எதுவும் இருக்காது. இருந்தால் சொல்லிவிடுவேன்.

அம்மா